புகைபோக்கிச் சுவர்

பாகாலாவிலிருந்து சித்தூர் போகும் மீட்டர் கேஜ் ரயிலில் முதல் முறை வருகிறவர்கள் எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "அது என்ன, அரிசி மில்லா?" என்று கேட்பார்கள். மாமரங்களுக்கு மேலே ஒரு செங்கல் புகைபோக்கி நிற்கும். அதிலிருந்து புகை வந்து யாரும் பார்த்ததில்லை. அதன் கீழே இருந்தது மிஷன் ஆரம்பப் பள்ளி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்திலிருந்து வந்த ஒரு போதகர் அதைக் கட்டினார். சொந்தக் கிராமத்தில் தான் படித்த பள்ளியின் வரைபடத்தைக் கையோடு கொண்டுவந்து, அதன்படியே எழுப்பினார் என்று சபையில் சொல்வார்கள். வரைபடத்தை நான் பார்த்ததில்லை. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு பத்திரிகையில் அயர்லாந்துக் கிராமப் பள்ளி ஒன்றின் புகைப்படத்தைப் பார்த்தேன். கூரைக்கு அங்கே கற்பலகை, இங்கே மங்களூர் ஓடு. அதைத் தவிர வேறு வித்தியாசம் கண்ணில் படவில்லை.

கூரை மிகவும் செங்குத்து. ஓயாமல் பெய்யும் மழை வழிந்தோடுவதற்கான சரிவு அது. எங்கள் ஊரில் வருடத்தின் பெரும்பகுதி அதன்மேல் வெயில்தான் வழிந்தது. சுவர்கள் உள்ளூர்க் கருங்கல், ஒரு முழத்துக்கு மேல் கனம். மூலைகளுக்கும் ஜன்னல் ஓரங்களுக்கும் புகைபோக்கிக்கும் மட்டும் செங்கல். ஜன்னல்கள் பெரியவை, ஆனால் ஒரு பெரிய ஆளின் மார்பு உயரத்தில்தான் தொடங்கும். உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வானம் தெரியும், ரோடு தெரியாது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடாது என்பது கட்டியவர்களின் எண்ணம். எங்கள் பிள்ளைகள் சத்தத்தை வைத்தே வருவது கூட்ஸா பாசஞ்சரா என்று சொல்லப் பழகிவிட்டார்கள்.

இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு சிறிய முகப்பு அறை. ஒன்றின் வாசற்கல்லில் 'ஆண்பிள்ளைகள்' என்றும் மற்றதில் 'பெண்பிள்ளைகள்' என்றும் வெட்டியிருந்தது. அந்த அறைகளின் சுவரில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். நனைந்த கோட்டுகளை மாட்டுவதற்காக அடித்தவை. மாற்றுச் சட்டையே இல்லாத பிள்ளைகள் அவற்றில் சோற்றுத் தூக்குகளை மாட்டினார்கள். எறும்பு ஏறாது.

உள்ளே ஒரே நீளக் கூடம். மடித்துத் தள்ளக்கூடிய மரத் தடுப்பு ஒன்று அதை இரண்டாகப் பிரிக்கும். வாரநாட்களில் தடுப்பை விரித்தால் இரண்டு அறை. ஞாயிற்றுக்கிழமை மடித்தால் சபைக்குக் கோயில். மேற்கு முனைச் சுவரில் குளிர்காயும் அடுப்பு, அதற்கு மேலே கூரையைத் தாண்டிப் போகும் புகைபோக்கி. மே மாதத்தில் கைப்பிடிச் சுவரைத் தொட முடியாத ஊரில் அந்த அடுப்பைப் பற்றவைக்க யாருக்கும் தோன்றவில்லை. தேசப்படங்களும் துணிப்பந்தும் அதற்குள் இருந்தன.

எழுபதுகளின் நடுவில் என் அக்கா அங்கே தலைமையாசிரியை. நான் சித்தூரில் இருந்துகொண்டு ஒரு தமிழ் நாளிதழுக்குச் செய்தி அனுப்பிவந்தேன். சனிக்கிழமை சாயங்கால ரயிலில் அக்கா வீட்டுக்குப் போவது வழக்கம்.

அந்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஓர் உத்தரவு வந்தது. பழைய பள்ளிக் கட்டடங்கள் உறுதியாக இருக்கின்றன என்று பஞ்சாயத்து சமிதி இன்ஜினியர் எழுதித் தந்தால்தான் அரசு மானியம் தொடரும். எழுதித் தராவிட்டால் பள்ளியை மூடிவிட்டு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தெலுங்குப் பள்ளியோடு பிள்ளைகளைச் சேர்த்துவிடுவார்கள். தெலுங்கு பிரச்சினை இல்லை; எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அது பேச வரும். ஆனால் அங்கே தமிழ் வகுப்பு கிடையாது. அதைவிட, சின்னப் பெண்பிள்ளைகளைத் தண்டவாளம் தாண்டி யாரும் அனுப்பமாட்டார்கள் என்பது அக்காவுக்குத் தெரியும். அவளுடைய வகுப்புகளில் பாதிக்கு மேல் அந்த வயதுப் பெண்கள்தான். கட்டடம் போனால் அவர்களுடைய படிப்பு அன்றோடு சரி.

இன்ஜினியர் இளைஞர். ஆந்திராவின் கடலோரக் கோஸ்தா பக்கம் சொந்த ஊர், திருப்பதியில் படிப்பு, சித்தூரில் ஒரு தமிழர் வீட்டில் வாடகைக்கு இருந்தார். மூன்றும் அவர் பேச்சில் கேட்கும். ஏணி போட்டு ஏறிக் கூரை மரங்களைத் தட்டிப் பார்த்தார், திருப்தி. தரை, ஜன்னல், இரு முகப்புகள், எல்லாம் திருப்தி. மேற்குச் சுவருக்கு வந்ததும் நின்றுவிட்டார். அடுப்புக்கு இடப்பக்கம், தரையிலிருந்து கூரை வரை நேர்க்கோடாக ஒரு வெடிப்பு. என் சுண்டுவிரல் அதில் நுழையும்.

"ஏம்மா, இது எப்போலேர்ந்து இருக்கு?"

"நான் வந்ததுலேர்ந்து இருக்குது சார். எனக்கு முன்னால இருந்த டீச்சரும் அதையேதான் சொன்னாங்க."

"பெருசாவுதா, இல்ல அட்லயே, அப்படியே இருக்கா?"

"அளந்து பார்க்கல சார்."

"நானும் பார்க்கல. அதாம்மா கஷ்டம்."

அன்றே 'தகுதியற்றது' என்று எழுதிவிட்டு அவர் போயிருக்கலாம். அவருடைய உத்தியோகத்துக்கு அதுதான் பாதுகாப்பு. அவர் எழுதவில்லை. பாகாலாவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையிலிருந்து விரல் அகலக் கண்ணாடித் துண்டுகள் மூன்று வெட்டிவரச் சொன்னார். வெடிப்புக்குக் குறுக்காக மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று வைத்து, இரு நுனிகளையும் சிமெண்டால் ஒட்டினார்.

"சுவரு ஒரு நூல் நகர்ந்தா போதும், கண்ணாடி டக்குனு உடைஞ்சிடும். நகரலேன்னா அப்படியே இருக்கும். மழை போகட்டும். சங்கராந்தி ஆனதும் வந்து பார்க்கறேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் பிள்ளைங்க வேண்டாம்மா."

எல்லா வகுப்புகளும் கிழக்குப் பாதிக்கு வந்தன. ஒரே அறையில் ஒரு பக்கம் வாய்ப்பாடு, மறுபக்கம் ஆத்திசூடி. அக்கா தினமும் காலையில் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் மூன்று துண்டுகளையும் பார்த்துவிட்டுத்தான் மணி அடிக்கச் சொல்வாள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாளாம்: "ஏன் டீச்சர், சுவத்துக்குக் கண்ணு தெரியலியா?"

நவம்பர் மழையில் கண்ணாடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு டிசம்பர் வந்தது.

இங்கே சபையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கூடம் முழுவதும் சுண்ணாம்பு அடிப்பார்கள். கூலிக்கு ஆள் வைப்பதில்லை. இரண்டு ஜன்னல்களுக்கு நடுவில் இருக்கும் சுவர் ஒரு குடும்பத்துக்கு என்று ஆரம்பத்திலேயே பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அது சொத்துப் போல இறங்கிவந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் சுவரும் பாதியாகும். பெண் பார்க்க வருகிறவர்கள், "எந்தச் சுவத்து வீடு?" என்று விசாரிப்பார்கள். யார் சுவர் யார் சுவரைவிட வெளுப்பு என்பதில் ஜனவரி முடியும்வரை பேச்சு ஓயாது.

மேற்குச் சுவர் எல்லாவற்றிலும் பெரியது. அது ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். அந்த வீட்டின் தலைவி ஒரு விதவை. கணவர் ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர். இரண்டு வளர்ந்த மகன்கள். மூத்த மகனின் பெண் அப்போது இரண்டாம் வகுப்பு. ஊரில் அவரைச் சிம்னிக்காரம்மா என்பார்கள். அக்கா பெரியம்மா என்பாள்.

மேற்குச் சுவரை இந்த வருடம் யாரும் தொட வேண்டாம் என்று அக்கா ஞாயிறு ஆராதனை முடிவில் எழுந்து நின்று சொல்லியிருந்தாள். அடுத்து வந்த சனிக்கிழமை, அரைப் பரீட்சைக் கேள்வித்தாள் வாங்கச் சித்தூருக்கு வந்தாள். சாயங்காலம் இருவரும் ஒரே ரயிலில் திரும்பினோம். பள்ளியில் சுண்ணாம்பு வாசனை. கேள்வித்தாள் கட்டை வைக்க உள்ளே போனவள், தடுப்பருகே அப்படியே நின்றாள்.

மேற்குச் சுவர் பால் போல வெளுத்திருந்தது. வெடிப்பைக் காணோம். அது இருந்த இடத்தில் தரையிலிருந்து கூரை வரை வழவழப்பான பூச்சு. மூன்று இடங்களில் மட்டும் லேசான மேடு. சிம்னிக்காரம்மா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"இன்னா பண்ணேன்? அடைச்சேன். எங்க மாமியா காலத்துலேர்ந்து இளிச்சிக்கினு கீது அந்த ஓட்டை. இன்ஜினியரு வந்து பார்த்துட்டுப் போனதுலேர்ந்து ஊரெல்லாம் பேச்சு, சிம்னிக்காரி சுவரு பொளந்துக்கினு கீதுன்னு. எங்க மானம் இன்னாவறது?"

"அந்தச் சுவத்த யாரும் தொடாதீங்கன்னு கோயில்லயே சொன்னேனே!"

"மத்தவங்களச் சொன்னே. என் சுவத்துக்கு நான் மத்தவளா?"

"கண்ணாடிங்க எங்க?"

"உள்ள பத்திரமா கீது. ஒண்ணயும் பிடுங்கல. அதும்மேலயே ரெண்டு கை பூசியாச்சு. கெழக்குச் சுவத்துக்காரி போன வருசம் நம்ம சுவரு மங்கலா கீதுன்னாளே, அவள வந்து பாக்கச் சொல்லு இப்ப."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். கோபமாகப் பேசவில்லை. கண்ணாடிகள் எதற்கு, இன்ஜினியர் எதைப் பார்க்க வருகிறார், அவர் எழுதித் தராவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"அப்ப பள்ளிக்கூடத்த நானே மூடிட்டனா?"

அவர் உடனே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இப்போதே சுரண்டிவிடுகிறேன் என்று கிளம்பினார். அக்கா தடுத்தாள்.

"நாம சொரண்டி உடைஞ்சிட்டா, சுவரு உடைச்சுதா நாம உடைச்சமான்னு யாருக்கும் தெரியாது. அவர் வரட்டும். அவர் எதிர்லயே எடுக்கலாம்."

விஷயம் கேள்விப்பட்டு வந்த சபை மூப்பர் ஒருவர், புதிதாக மூன்று கண்ணாடி வாங்கி ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்டார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் புயல்மழை. சித்தூரில் நான் உடைந்த ஏரிகளையும் முழுகிய வயல்களையும் பற்றிய செய்திகளைச் சேகரித்துக்கொண்டிருந்தேன். ரயில் நின்றுவிட்டது. எங்கள் ஊரில் பல மண்சுவர்கள் விழுந்தன என்று பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார். பள்ளியைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. ரயில் மறுபடி ஓடியதும் போய்ப் பார்த்தேன். பள்ளி நின்றிருந்தது. ஆனால் மேற்குச் சுவர் நகர்ந்ததா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சுண்ணாம்புக்குள் இருந்தது. அக்கா காலையில் தடுப்புக்கு அந்தப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தாள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

சங்கராந்தி கழிந்து இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். அன்று சனிக்கிழமை, நானும் இருந்தேன். அவர் உள்ளே கால் வைப்பதற்கு முன்பே அக்கா நடந்ததைச் சொல்லிவிட்டாள். அவர் சுவரைப் பார்த்து, "ஐயோ ராமா" என்றார். நிற்பது சர்ச் என்பது ஞாபகம் வந்து, "சாரிம்மா" என்றார்.

"நான் என்னன்னும்மா எழுதறது? வெள்ளை அடிச்சிட்டாங்கன்னு எழுதட்டுமா?"

சிம்னிக்காரம்மா முன்னால் வந்தார். "அடிச்சது நான்தான் நைனா. டீச்சர் மேல ஒண்ணும் எழுதாதே. நானே சொரண்டித் தரேன். கண்ணாடிக்கு வலிக்காம சொரண்டறேன்."

ஈரத்துணியை வைத்து வைத்துச் சுண்ணாம்பை ஊறவிட்டார். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த தோசைத்திருப்பியால் மெதுவாக எடுத்தார். கீழ்க் கண்ணாடி முழுசாக இருந்தது. மேல்கண்ணாடியின்மேல் இருந்த சுண்ணாம்பை இளைய மகன் ஏணியில் ஏறி எடுத்தான், அந்தக் கண்ணாடியும் முழுசு. நடுக்கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

தோசைத்திருப்பி அந்தம்மாவின் கையிலேயே நின்றது. இன்ஜினியர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அவளுடைய உதடுகள் மட்டும் அசைந்தன. ஜெபமா, பிள்ளைகளின் பெயர்களா என்று எனக்குத் தெரியாது.

"மேலயும் கீழயும் முழுசு. நடுவுல மட்டும் எப்படி?" என்று இன்ஜினியர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு அவர் கவனம் கண்ணாடியிலிருந்து விலகிப் பூச்சின்மேல் போனது. விரலால் தட்டினார்.

"இத எப்பம்மா அடைச்சீங்க? புயலுக்கு முந்தியா?"

"முந்திதான். அதுக்கு முன்னாடி சனிக்கெழம."

"பூராவுமா? தரையிலேர்ந்து கூரை வரைக்கும்?"

"பின்ன? பாதி அடைச்சிட்டு வுட்டுடுவாங்களா?"

"மழைக்குள்ள காய்ஞ்சுதா?"

"நல்ல வெயிலு காய்ஞ்சுது நைனா. கடுக்காத்தண்ணி, வெல்லம் அல்லாம் போட்ட சுண்ணாம்பு. உளி வெச்சாதான் எழும்பும்."

அவர் டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். அப்படிப் பிடித்தால் மயிரிழை விரிசல்கூட நிழல் காட்டும். தரையில் தொடங்கி, மண்டியிட்டு, எழுந்து, ஏணியில் ஏறிக் கூரை வரைக்கும் அந்தப் பூச்சைப் பார்த்துக்கொண்டே போனார். மேலே போனதும் சிரித்தார்.

"ஒரு கோடு இல்ல. அத்தனை மழையில ஒரு கோடு விழல. அம்மா, நான் மூணு எடத்துல கண்ணாடி வெச்சேன். இந்தம்மா தரையிலேர்ந்து கூரை வரைக்கும் வெச்சிருக்காங்க."

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. சுவர் நகர்ந்திருந்தால், கண்ணாடி உடைவதற்கு முன்பே இறுகிப்போன அந்தப் பூச்சு வெடித்திருக்க வேண்டும்.

"அப்ப நடுக்கண்ணாடி?"

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த இளைய மகன் காலை மாற்றி நின்றான். "சுண்ணாம்பு அடிச்ச அன்னிக்கு ஏணி சாத்தும்போது டிக்குனு ஒரு சத்தம் கேட்டுது சார்."

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடா?" என்றார் தாயார்.

"சொன்னா நீ அடிப்பே."

"இப்ப மட்டும் வுட்டுடுவேனா?"

இன்ஜினியர் அதோடு விடவில்லை. வெடிப்பு இருந்த கோட்டின்மேல் ஓரிடத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய சுண்ணாம்பையும் எடுக்கச் சொன்னார். அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்தது. அத்தனை கிறிஸ்துமஸ்களின் கனம். அடியில் கருங்கல் தெரிந்தது. ஒரு கல்கூட உடையவில்லை. கோட்டுக்கு வலப்புறம் புகைபோக்கியின் செங்கல், இடப்புறம் சுவரின் கருங்கல். இரண்டும் கோடு வரை வந்து, நூல் பிடித்தது போல நின்றிருந்தன.

"இது வெடிப்பே காதும்மா, வெடிப்பு இல்ல. வேணும்னே விட்ட இடைவெளி. நெருப்பு எரிஞ்சா சிம்னி சூடாகி விரியும், சுவரு விரியாது. ரெண்டையும் சேர்த்துக் கட்டினாதான் உடையும். அதனால தனித்தனியா நிக்க வெச்சிருக்காங்க."

எரியாத நெருப்புக்காக ஒரு மனிதர் எவ்வளவு கவனம் எடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்து இன்ஜினியர் எழுதிக் கையெழுத்திட்டார். கட்டடம் உறுதியானது, பள்ளி நடத்தலாம். ஒரு நிபந்தனை போட்டார். அந்தக் கோட்டின் மேல் கை அகலத்துக்கு இனிமேல் சுண்ணாம்பு பூசக் கூடாது. அடுத்து வருகிற இன்ஜினியர் யாராக இருந்தாலும் பார்த்ததும் தெரிய வேண்டும்.

"கோயில் சுவத்துல நாமம் இழுத்தாப்பல வுடச் சொல்றியா நைனா?" என்றார் சிம்னிக்காரம்மா.

"ஆமாம்மா. அட்லயே விடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். இன்ஜினியர் போன பிறகு அக்கா அந்தத் தாளை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் இரு பாதிகளிலும் மாறி மாறி நடந்தாள். எங்கே எந்த வகுப்பு என்று மனதுக்குள் போட்டுப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை மேற்குப் பாதியைப் பெருக்கிக் கழுவினார்கள். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் அங்கே போயின. சுண்ணாம்பு பெயர்த்துக் கருங்கல் தெரிந்த இடத்துக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று சண்டை. அக்கா வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்தாள்.

ஜூனில் பள்ளி திறந்தபோது நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். முந்தின வருடத்தைவிடக் கூட்டம் அதிகம். அக்கா ஒன்றாம் வகுப்பை மேற்குச் சுவரை ஒட்டி உட்கார வைத்திருந்தாள். பேத்தியை விட வந்திருந்த சிம்னிக்காரம்மா, வாசலில் நின்ற பெண்களோடு பேசிக்கொண்டிருந்தார். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதல் முறையாகப் பெண்ணைச் சேர்க்க வந்த ஒரு தாய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"இன்னாக்கா, அந்த வெடிச்ச சுவத்துக்கிட்டயா கொழந்தைங்கள உக்கார வெச்சிக்கீறாங்க?"

"வெடிச்ச சுவரா?" சிம்னிக்காரம்மா அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "ஊர்லயே கவருமெண்டு பார்த்துக் கையெழுத்துப் போட்ட சுவரு இது ஒண்ணுதான். உக்கார வெச்சிட்டுப் போய் வேலையப் பாரு, போ."